நார்ச்சத்துப் பொடி கலந்து குடித்தும் பசி தாங்கவில்லை. முழு உணவில் அப்படி என்னதான் இருக்கிறது?

தென்றல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். காலை உணவு பற்றி ஒரு சந்தேகம். நார்ச்சத்து சாப்பிட்டால் பசி தாங்கும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அதை நம்பி, காலையில் ஒரு பெரிய டம்ளர் பழச்சாறு, அதில் நார்ச்சத்துப் பொடி, கூடவே "நார்ச்சத்து நிறைந்தது" என்று அட்டையில் போட்டிருக்கும் பிஸ்கட் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் 10 கிராம் நார்ச்சத்து வந்துவிடுகிறது. ஆனாலும் பதினோரு மணிக்குள் வயிறு காந்த ஆரம்பித்துவிடுகிறது, கை தானாக நொறுக்குத்தீனி பக்கம் போகிறது.

என் தங்கை காலையில் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணமும் ஒரு ஆப்பிளும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் கிட்டத்தட்ட இதே அளவு நார்ச்சத்துதான். மத்தியானம் வரை சாப்பாட்டு நினைப்பே வருவதில்லை என்கிறாள். கிராம் கணக்கு ஒன்றாக இருக்கும்போது பசி மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதைநெல்:
புரதம். கொண்டைக்கடலையில் இருக்கிறது, உங்கள் டம்ளரில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு முட்டை சேர்த்துப் பாருங்கள்.

கணக்கன்:
மொத்தக் கலோரி எவ்வளவு என்று இருவரும் எழுதிப் பாருங்கள். குறைவாகச் சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்கத்தான் செய்யும்.

தென்றல்வாசி:
கலோரி என்னுடையதுதான் அதிகம், கணக்கன் அண்ணா. சாறும் பிஸ்கட்டும் சேர்ந்தால் அவள் தட்டை மிஞ்சிவிடும். அதனால்தான் குழப்பமே.

ஆய்வகத்து எறும்பு:
விதைநெல் சொன்னதில் உண்மை இருக்கிறது. புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் புரதத்தை ஓரமாக வைத்துவிட்டாலும் இந்த வித்தியாசம் வரும். அதற்கு ஆப்பிளை வைத்தே செய்த இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன.

முதலாவது 1977-இல் லான்செட் இதழில் வந்தது. ஹேபர், ஹீட்டன் ஆகியோரின் குழு செய்தது. அதே ஆட்களுக்கு ஒரு முறை முழு ஆப்பிள், ஒரு முறை மசித்த ஆப்பிள், ஒரு முறை ஆப்பிள் சாறு. மூன்றிலும் கார்போஹைட்ரேட் 60 கிராம். சாறு, முழுப் பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகமாக உள்ளே போனது. மசித்ததைவிட நான்கு மடங்கு வேகம். வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில்தான் அதிகம், மசித்தது நடுவில், சாறு கடைசி. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் சாறு குடித்தபோது இன்சுலின் அதிகம் சுரந்து, அப்புறம் சர்க்கரை சட்டென்று கீழே இறங்கியது. மசித்ததிலும் கொஞ்சம் அப்படி நடந்தது. கடித்துத் தின்றபோது அந்த இறக்கம் இல்லை.

இதில் மசித்த ஆப்பிளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதிலிருந்து எதையும் வடிகட்டி எறியவில்லை. முழு ஆப்பிளில் இருந்த அதே நார்ச்சத்து அதிலும் இருந்தது. கட்டமைப்பு மட்டும்தான் உடைந்திருந்தது. பசி தாங்கும் திறனில் ஒரு பங்கு அதோடு போய்விட்டது.

இரண்டாவது உங்கள் டம்ளருக்கு இன்னும் நெருக்கமானது. 2009-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃப்ளட்-ஒபாகி, பார்பரா ரோல்ஸ் இருவரும் செய்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆப்பிள் துண்டுகள், ஆப்பிள் மசியல், வெறும் சாறு, நார்ச்சத்து கலந்த சாறு என்று வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் கலோரி ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆப்பிள் துண்டு தின்ற நாளில், அந்த ஆப்பிளையும் சேர்த்துக் கணக்கிட்டாலே, எதுவும் தராத நாளைவிட 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். நார்ச்சத்து கலந்த சாறு? வெறும் சாற்றைவிட அது ஒன்றும் கூடுதலாகப் பசியைத் தாங்கவில்லை.

உங்கள் உடம்பில் கோளாறு இல்லை. பொடியிலும் கோளாறு இல்லை. அந்தப் பொடி வந்து சேர்ந்த வடிவம்தான் காரணம்.

தென்றல்வாசி:
நார்ச்சத்தைத் திரும்பக் கலந்தும் பயனில்லை என்பது எனக்குப் புதுசு. சக்கையில்தான் எல்லாம் இருக்கிறது, அதைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் வயிறு எதை வைத்து "போதும்" என்கிறது?

ஆய்வகத்து எறும்பு:
அது ஒரு இடத்திலிருந்து வருவதில்லை. வாயில் தொடங்கிப் பெருங்குடல் வரை வரிசையாகப் பல இடங்களில் சமிக்ஞை கிளம்புகிறது. திரவத்தில் கரைந்த நார்ச்சத்து முதல் சில இடங்களைத் தாண்டி ஓடிவிடுகிறது.

வாய்: மெல்லும் நேரம். போதும் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஒரு ஆப்பிளை மென்று முடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது. சாறு அதற்குள் காலியாகிவிடும்.

இரைப்பை: அதன் சுவர் விரியும்போது வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. இரைப்பை கலோரி எண்ணுவதில்லை, இடம் எவ்வளவு அடைபட்டது என்றுதான் பார்க்கிறது. முழு உணவில் தண்ணீரும் நாரும் சேர்ந்து இடத்தை அடைக்கின்றன. இன்னொன்று, இரைப்பையின் கீழ் வாசல் கெட்டியான உணவை அப்படியே விடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் துகளாக அரைபட்ட பிறகுதான் சிறுகுடலுக்குள் அனுப்பும். சாறு அந்தக் காத்திருப்பே இல்லாமல் நேராகப் போய்விடும்.

சிறுகுடல்: ஓட்ஸ், பார்லியில் இருக்கும் பீட்டா-குளூக்கன் போன்ற சில நார்கள் தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகும். அந்தக் கொழகொழப்புக்குள் சர்க்கரையும் கொழுப்பும் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் உடம்பில் சேரும். மெதுவாகச் சேர்வதால் உணவு சிறுகுடலின் கடைப்பகுதி வரை மிச்சமிருந்து போகிறது. அங்கே இருக்கும் செல்கள் அதை உணர்ந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களை விடுகின்றன. அவை இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்து, பசியையும் அடக்குகின்றன.

பெருங்குடல்: செரிக்காத நார் இங்கே வந்து பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இந்த அமிலங்களும் மேலே சொன்ன ஹார்மோன்களைத் தூண்டக்கூடியவை. ஆனால் இது பல மணி நேரம் கழித்து நடப்பது. காலையில் சாப்பிட்டதன் பலன் மத்தியானச் சாப்பாட்டின்போது தெரியலாம். காலையில் பயறு சாப்பிட்டவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ரத்தச் சர்க்கரை நிதானமாக ஏறியதை டேவிட் ஜென்கின்ஸ் குழு 1980-களிலேயே காட்டியது.

ஒருமுறை எண்ணிப் பாருங்கள், உங்கள் டம்ளரில் இருக்கும் பொடிக்கு இந்த நாலில் எத்தனை வேலை செய்ய வாய்ப்பு கிடைக்கிறது?

பெரியகரண்டி:
> ஜிஎல்பி-1

இப்போது எடை குறைக்கப் போடும் ஊசியிலும் இந்தப் பெயர்தானே வருகிறது? நார்ச்சத்து சாப்பிட்டால் ஊசி தேவையில்லை என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார்.

இரவுப்பணி:
அதை நம்பாதீர்கள். செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகள் அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும்படி உருவாக்கப்பட்டவைதான். ஆனால் உடம்பு தானாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மருந்து உடம்பில் நாள்கணக்கில் நிற்கும்படி மாற்றப்பட்டது. இரண்டின் வீரியமும் ஒன்றல்ல. சர்க்கரை நோய்க்கு அந்த மருந்து எடுப்பவர் யாரும் ஒரு கிண்ணம் பயறை நம்பி நிறுத்திவிடக் கூடாது.

கணக்கன்:
எறும்பு எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு 38 உணவுகளை ஒப்பிட்டது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 240 கலோரி. வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டு, எது எவ்வளவு நேரம் பசி தாங்குகிறது என்று மதிப்பெண் போட்டார்கள். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. உருளைக்கிழங்கில் நார்ச்சத்து என்ன பெரிதாக இருக்கிறது? நூறு கிராமுக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. எனவே நார்ச்சத்துதான் பசியைத் தாங்குகிறது என்ற முடிவே ஆட்டம் காண்கிறது.

ஆய்வகத்து எறும்பு:
நல்ல கேள்வி. அந்த ஆய்விலேயே பதிலும் இருக்கிறது. எந்தெந்தக் குணம் நிறைவோடு சேர்ந்து வருகிறது என்று அவர்கள் பார்த்தபோது, புரதம், நார்ச்சத்து, தண்ணீர் மூன்றும் கூட்டும் பக்கம் நின்றன, கொழுப்பு குறைக்கும் பக்கம். பட்டியலில் கடைசியில் இருந்தது குரோசான்ட் என்ற வெண்ணெய் நிறைந்த மடிப்பு ரொட்டி, 47 மதிப்பெண். எல்லாவற்றையும்விட அழுத்தமாக நின்றது தட்டில் வைத்த உணவின் எடை. 240 கலோரிக்கு உருளைக்கிழங்கு கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். குரோசான்ட் என்றால் ஒன்றே போதும், அறுபது கிராம் போல.

எனவே நீங்கள் சொல்வதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. நார்ச்சத்து தனியாக நின்று செய்யும் வேலை கொஞ்சம்தான். தண்ணீரைப் பிடித்து வைப்பது, இடத்தை அடைப்பது, மெல்ல வைப்பது, உள்ளே இருக்கும் மாவுச்சத்தை நிதானமாக வெளியே விடுவது என்று முழு உணவுக்குள் அது மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது. அந்த ஆய்வு இரண்டு மணி நேரம்தான் பசியைக் கவனித்தது, ஒவ்வொரு உணவையும் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 323 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், உணவில் நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளை 2013-இல் கிளார்க், ஸ்லாவின் இருவரும் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவேளை உணவில் நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்த சோதனைகளில் 61 சதவீதத்தில் நிறைவு கூடவில்லை. 78 சதவீதத்தில் சாப்பிடும் அளவும் குறையவில்லை. பலன் தந்தவற்றில் ஓட்ஸ், பார்லியின் பீட்டா-குளூக்கனும் ரை என்ற கோதுமை போன்ற தானியத்தின் முழு வடிவமும் இருந்தன. எல்லா நாரும் ஒரே வேலையைச் செய்யாது. இதை அட்டையில் "நார்ச்சத்து நிறைந்தது" என்று அச்சடிப்பவர்கள் சொல்வதே இல்லை, எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. நல்ல எண்ணத்தோடு வாங்கும் மனிதர்கள் ஏமாந்து போகிறார்கள்.

விதைநெல்:
பிஸ்கட்டில் சேர்க்கும் நார் எது?

ஆய்வகத்து எறும்பு:
பெரும்பாலும் இன்யூலின், அல்லது மாவிலிருந்து செய்யும் கரையும் நார்கள். இன்யூலின் கெட்டியாகாது, தண்ணீரில் சர்க்கரைபோலக் கரைந்துவிடும். குடல் பாக்டீரியாவுக்கு நல்ல உணவு, அதை மறுக்க முடியாது. இரைப்பையில் இடம் பிடிக்கும் வேலை மட்டும் அதனிடம் இல்லை.

கணக்கன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன், நார் மட்டும் தனியாக எடுத்தால் பலன் குறைவு. ஆனால் "முழு உணவு" என்பதற்கு நேரடிச் சோதனை ஏதாவது உண்டா? நார்ச்சத்து இரண்டு பக்கமும் சமமாக இருந்து, உணவின் வடிவம் மட்டும் மாறிய சோதனை?

ஆய்வகத்து எறும்பு:
இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்டது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே ஒரு மாதம் தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்தப்பட்ட ஆலை உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் வைக்கலாம்.

பதப்படுத்தப்பட்ட உணவு தந்த நாட்களில் ஆளுக்குத் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது.

இப்போது தென்றல்வாசி கவனிக்க வேண்டிய இடம். ஆலை உணவில் இயல்பாக நார்ச்சத்து குறைவு. அதைச் சமமாக்குவதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கரையும் நார்ச்சத்தைக் குடிக்கும் பானத்தில் கலந்தார்கள். நீங்கள் காலையில் செய்வதைத்தான் செய்தார்கள். காகிதத்தில் நார்ச்சத்து சமமாகிவிட்டது, சாப்பிட்ட அளவு சமமாகவில்லை. சாப்பிட்ட வேகமும் ஆலை உணவில் கூடுதலாக இருந்தது. இதில் நாரின் கட்டமைப்பு எவ்வளவு, வேகம் எவ்வளவு, மென்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த ஒரு ஆய்வு போதாது. ஆனால் கிராம் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

கணக்கன்:
பானத்தில் கலந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. இதை ஏற்கிறேன்.

தென்றல்வாசி:
படிக்கப் படிக்க ஆர்வமாக இருக்கிறது. அந்தக் "கட்டமைப்பு" என்பதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? கண்ணால் பார்க்கக்கூடியதா?

ஆய்வகத்து எறும்பு:
நுண்ணோக்கியில் பார்க்கலாம். தாவரத்தின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர்தான் நார்ச்சத்து. மாவும் கொழுப்பும் சர்க்கரையும் உள்ளே, பூட்டிய டப்பாவுக்குள் இருப்பதுபோல. நமக்கு அந்தச் சுவரைச் செரிக்கும் நொதி கிடையாது. பல்லும் சூடும் உடைத்த அளவுக்குத்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

பாதாமை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைக் கணக்கில் 28 கிராமுக்கு 170 கலோரி போல வரும். 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களுக்கே கொடுத்து அளந்தபோது 129 கலோரிதான் உடம்பில் சேர்ந்தது. மீதிக் கொழுப்பு உடையாத செல்களுக்குள்ளேயே இருந்து அப்படியே வெளியேறிவிட்டது. அதே பாதாமைப் பசைபோல அரைத்துவிட்டால் கிட்டத்தட்ட முழுக் கலோரியும் சேர்ந்துவிடும்.

வேகவைத்த கொண்டைக்கடலையில் செல் சுவர் வெந்த பிறகும் பெரிதும் உடையாமல் நிற்கும். அதனால்தான் அதன் சர்க்கரை ஏற்றக் குறியீடு (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவு, குளுக்கோஸுக்கு 100) 30-க்குக் கீழே. உங்கள் தங்கை தட்டில் நடப்பது இதுதான், புரதமும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

பெரியகரண்டி:
நான் பலருக்குச் சமைப்பவன், என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஓட்ஸில் இது பளிச்சென்று தெரியும். வெந்நீர் ஊற்றினால் உடனே கரையும் தூள் ஓட்ஸ் கொடுத்தால் எல்லோரும் சீக்கிரம் அடுத்த வேளையைத் தேடி வருவார்கள். கனமாகத் தட்டிய ஓட்ஸோ, வெட்டிய ஓட்ஸோ என்றால் அடுப்பில் நேரம் எடுக்கும், வயிற்றிலும் நிற்கும். பார்லியை முழுசாக வேகவைத்து சூப்பில் போட்டால் இன்னும் நன்றாக நிற்கும்.

சூப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காய்கறித் துண்டு நிறையப் போட்டு, பயறு போட்ட சூப்பை முதலில் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் கனமான பதார்த்தத்தை யாரும் அள்ளிப் போட்டுக்கொள்வதில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், அந்தப் பலன் வரவில்லை.

ஆய்வகத்து எறும்பு:
அண்ணா சொல்வதை 1999-இல் அதே பார்பரா ரோல்ஸ் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரே பொருட்கள், ஒரே அளவு தண்ணீர். ஒரு முறை பதார்த்தமும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும், இன்னொரு முறை அந்தத் தண்ணீரைச் சேர்த்தே கொதிக்க வைத்த சூப். சூப் சாப்பிட்டபோதுதான் அடுத்து வந்த சாப்பாடு குறைந்தது. தனியாகக் குடித்த தண்ணீர் வேகமாக இறங்கிவிடுகிறது. உணவோடு கட்டுண்ட தண்ணீர் கூடுதல் நேரம் இரைப்பையில் தங்குகிறது.

ஓட்ஸுக்கும் எண் இருக்கிறது: தட்டிய ஓட்ஸ் கஞ்சியின் சர்க்கரை ஏற்றக் குறியீடு சுமார் 55, உடனடி ஓட்ஸுக்கு 79.

விதைநெல்:
அப்படியானால் பிரவுன் பிரெட்? முழு கோதுமை என்று போட்டிருக்கிறதே.

ஆய்வகத்து எறும்பு:
அங்கேயும் அரைப்பதுதான் விஷயம். மாவாக நைய அரைத்த முழு கோதுமை ரொட்டியின் குறியீடு 74, வெள்ளை ரொட்டி 75. தவிடு உள்ளே இருக்கிறது, ஆனால் தானியம் உடைந்துவிட்டது. அதற்காக வெள்ளை ரொட்டிக்குத் திரும்ப வேண்டாம். தவிட்டு நார் மலச்சிக்கலுக்கு நல்லது, வைட்டமினும் தாதுவும் கூடுதல். பசி தாங்க வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முழு தானியமோ உடைத்த தானியமோ உள்ள ரொட்டியைத் தேடுங்கள்.

நீலவானம்:
மிக்ஸியில் பழத்தை அப்படியே அடித்துக் குடிக்கும் ஸ்மூத்தி? சக்கை எதையும் எடுப்பதில்லை. அதுவும் தப்பா?

ஆய்வகத்து எறும்பு:
தப்பு என்று சொல்லமாட்டேன். இதில் ஒரு வேடிக்கையான விஷயம் இருக்கிறது. ராஸ்பெர்ரி போன்ற விதையுள்ள பழங்களைச் சேர்த்து அடித்தபோது ரத்தச் சர்க்கரை கூடவில்லை, சில சிறிய ஆய்வுகளில் முழுப் பழத்தைவிடக் குறையக்கூடச் செய்தது. விதை அரைபட்டு அதிலிருந்த நார் வெளியே வந்ததால் இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எனவே சர்க்கரை விஷயத்தில் ஸ்மூத்தியைச் சாற்றோடு ஒரே கூடையில் போடக் கூடாது.

பசி வேறு கணக்கு. மெல்லும் நேரம் போய்விடுகிறது. இரண்டு வாழைப்பழமும் ஒரு ஆரஞ்சும் கைப்பிடி பாதாமும் ஒரே டம்ளரில் அடங்கிவிடும். உட்கார்ந்து தின்றால் பாதியில் நிறுத்தியிருப்போம். குடிக்கத்தான் வேண்டும் என்றால் கெட்டியாக, கரண்டியால் சாப்பிடும் பதத்தில் அடித்து, மேலே முழு ஓட்ஸோ நறுக்கிய பழமோ போட்டு மெதுவாகச் சாப்பிடுங்கள்.

இரவுப்பணி:
எல்லோரும் நாளைக்கே தட்டு நிறையப் பயறு போட்டுக்கொள்வதற்கு முன் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்ப்பவள் என்பதால் இதை விட மனசில்லை.

உலக சுகாதார அமைப்பு 2023-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, உணவிலிருந்து. இரண்டிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு 15, ஆறிலிருந்து ஒன்பது வயதுக்கு 21. இதுவரை அதில் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் இரண்டு மடங்காக்கினால் உப்புசம், வாயு, வயிற்று வலி வரலாம். "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று விட்டுவிடுவார்கள். குடல் பாக்டீரியா பழகிக்கொள்ள நேரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு சிறு கூட்டல் போதும். முதல் வாரம் ஒரு பழம், அடுத்த வாரம் அரைக் கிண்ணம் பயறு, இப்படி.

தண்ணீர் கட்டாயம். நார் கூடி தண்ணீர் கூடாவிட்டால் மலம் இறுகும். இசப்கோல் உமியை எக்காரணம் கொண்டும் உலர்ந்தபடி விழுங்காதீர்கள், தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அதைத் தரவே கூடாது. மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது, இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

குடலில் சுருக்கம் உள்ளவர்கள், குரோன் என்ற குடல் அழற்சி நோய் தீவிரமாக இருப்பவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் குடல் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், இவர்களுக்கு நார் குறைவான உணவைத்தான் மருத்துவர் சொல்லியிருப்பார். இங்கே படித்துவிட்டு அதை மாற்ற வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் உணவைப் பெரிதாக மாற்றும்போது முதலில் மருத்துவரிடம் பேசுங்கள், மருந்தின் அளவு மாற வேண்டியிருக்கலாம்.

பெருங்குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமைத் தவிடு பல சமயம் தொல்லையைக் கூட்டும். இசப்கோல் அதைவிட ஒத்துப்போகும்.

தென்றல்வாசி:
நன்றி அக்கா, இசப்கோல் விஷயம் தெரியாமலே இருந்தேன். என் பொடி அதுதான் என்று இப்போது அட்டையைப் பார்த்தேன். அதைக் கலந்தால் கெட்டியாகிறது என்பதால் நான் உடனே குடித்துவிடுவேன், நல்லவேளை.

இசப்கோல் என்றால் கொழகொழவென்று ஆகும் வகைதானே? அது பசி தாங்க வேண்டாமா?

ஆய்வகத்து எறும்பு:
தாங்கும் வகைதான். சாப்பாட்டுக்கு இடையில் பசியைக் கொஞ்சம் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. பொடிகளில் நல்லதைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். ஆனால் அதோடு சேர்ந்து உள்ளே போவது ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரும் நைய அரைத்த மாவில் செய்த பிஸ்கட்டும். அவற்றை மாற்றாமல் பொடியிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்க முடியாது. சாற்றுக்குப் பதில் இரண்டு ஆரஞ்சை உரித்துச் சாப்பிடுங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் தட்டிய ஓட்ஸ், கொஞ்சம் பாதாம். விதைநெல் சொன்ன முட்டையும் இருக்கட்டும்.

நீலவானம்:
எனக்கு இன்னொரு கேள்வி. அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது, பல்செட் போட்டிருக்கிறார். ஆப்பிள், பாதாம் எல்லாம் மெல்ல முடியாது. அதனால் பிஸ்கட்டும் பாலில் நனைத்த ரொட்டியும்தான் சாப்பிடுகிறார். ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது என்கிறார், மலச்சிக்கலும் இருக்கிறது. மெல்லும் நேரம்தான் முக்கியம் என்றால் அவருக்கு வழியே இல்லையா?

பெரியகரண்டி:
இருக்கிறது தம்பி. பயறு, பருப்பு வகைகள் பல் இல்லாதவர்களுக்கே சிநேகிதம். இரவு ஊறவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வரை வேகவையுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள். கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக மசித்தால் போதும், பாதி முழுசாகவே இருக்கட்டும், அவர் நாக்கும் ஈறும் பார்த்துக்கொள்ளும். கேரட், பூசணி, பீன்ஸ் எல்லாம் சிறிதாக நறுக்கி அதிலேயே வேகவிடுங்கள். ஆப்பிளையும் பேரிக்காயையும் தோலோடு மெல்லிசாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வேகவைத்தால் கரண்டியால் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். பாலில் ரொட்டிக்குப் பதில் தட்டிய ஓட்ஸை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

ஆய்வகத்து எறும்பு:
அண்ணா சொன்ன பதத்தில் வேகவைத்தால் பயறில் பெரும்பாலான செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும், ஆனால் ஒவ்வொன்றின் சுவரும் உடையாமல் இருக்கும். மெல்லும் வேலை குறைந்தாலும் சிறுகுடலில் நிதானமாகச் செரிக்கும் பலன் அப்பாவுக்குக் கிடைக்கும். இடம் அடைக்கும் பலனும் கிடைக்கும்.

இரவுப்பணி:
நீலவானம், அவருக்கு இதயப் பிரச்சினையோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்து தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா? அப்படி இருந்தால் நார்ச்சத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பயறில் பொட்டாசியமும் உண்டு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் முதலில் தினம் ஒரு சின்னக் கிண்ணத்தில் தொடங்கி, வயிறு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதோடு, பல்செட் தளர்ந்து போயிருக்கிறதா என்றும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சரிசெய்து கொடுத்தால் மெல்ல முடிகிற உணவுகள் நிறையக் கூடும்.

நீலவானம்:
தண்ணீர் கட்டுப்பாடு எதுவும் இல்லை அக்கா, சிறுநீரகப் பரிசோதனையும் சரியாகவே வந்தது. இன்றிரவே பயறு ஊறவைக்கிறேன். பல்செட் தளர்ந்திருப்பது உண்மைதான், சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுகிறார். இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.